எர்த் பண்ணாத கால்

ஆசிரியைக்கு வயது முப்பத்து நான்கு. சீடருக்கு ஐம்பத்து மூன்று. இதைக் கேட்டுச் சிரிக்க வேண்டியவர்கள் எல்லாம் இரண்டு வருஷத்துக்கு முன்பே சிரித்து முடித்துவிட்டார்கள். ஆகவே நாம் நேரே கதைக்குப் போகலாம்.

ஹமீதா மேலப்பாளையத்துக்காரி. பாளையங்கோட்டைக்கு வெளியே, முன்பு அரிசி குடோனாக இருந்த கட்டடத்தில் ஒரு சின்ன எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனி நடந்தது. அங்கே செய்யும் பெட்டிகளுக்குள் எந்தச் சிப் எப்போது விழிக்க வேண்டும், எது எப்போது தூங்க வேண்டும், சிப்பின் ஓரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் கம்பிக் கால்களில் எந்தக் கால் என்ன செய்ய வேண்டும் என்று எழுதிக் கொடுப்பது அவள் வேலை. அவள் எழுதாவிட்டால் அது பெட்டி இல்லை, பிளாஸ்டிக் டப்பா.

அவளிடம் வேலை கற்றுக்கொள்ள வந்த தேவசகாயம் அதற்கு முன் இருபத்தெட்டு வருஷம் டிவி மெக்கானிக். கடையை ஏன் மூடினீர்கள் என்று யாராவது கேட்டால், "கை சலிச்சுப் போச்சு" என்பார். அது பாதி உண்மைதான். மீதிப் பாதியை அவர் யாரிடமும் சொன்னதில்லை.

ஹமீதாவை அவர் டீச்சர் என்று கூப்பிட்டார். அவள் அவரை அண்ணாச்சி என்றாள். இரண்டு பேருக்கும் இதில் கூச்சம் இல்லை.

அந்த வாரம் பெஞ்சில் இருந்தது குரலைப் பதிந்து பூட்டி வைக்கும் பெட்டி; முத்துப்பேச்சிக்குப் போக வேண்டியது. பேச்சி தொழிற்சங்கத்துக்காரி. நூல் மில் விடுதிகளில் அடைபட்டுக் கிடக்கும் பெண்களைப் பார்த்து, உள்ளே என்ன நடக்கிறது என்று அவர்கள் வாயாலேயே சொல்ல வைத்து, வழக்குக்குக் கொடுப்பாள். போன வருஷம்வரை நோட்டில்தான் எழுதினாள். ஒருவன் அந்த நோட்டைப் பஸ்ஸில் பிடுங்கிக்கொண்டு ஓடினான். அடுத்த வாரமே, நோட்டில் பேர் இருந்த ஒன்பது பெண்களையும் மில்லை விட்டு அனுப்பிவிட்டார்கள். அதில் இரண்டு பேர் எங்கே என்று இன்றுவரை தெரியாது.

"நான் செத்தாலும் என்னைத் தவிர யாருக்கும் திறக்காத ஒண்ணு வேணும்" என்று பேச்சி கேட்டிருந்தாள்.

அதற்காகத்தான் பெட்டிக்குள் ஒரு சிப் வைத்தார்கள். பூட்டுச் சிப் என்று சகாயம் அதற்குப் பேர் வைத்தார். பெட்டியை ஆன் பண்ணியதும் அது எழுந்து வருகிற ஒவ்வொரு படியையும் அந்தச் சிப் பார்த்து மனதில் வைத்துக்கொள்ளும். யாரும் நடுவில் கைவைக்கவில்லை என்று உறுதியான பிறகு, பேச்சி விரலை வைத்தால் சாவியைக் கொடுக்கும். அப்புறம் பெட்டி தூங்கி எழுந்தாலும் சிப் நினைவு வைத்திருக்கும். மறுபடி முதலிலிருந்து பார்க்க வேண்டியதில்லை.

ஏட்டில் அப்படித்தான் இருந்தது. நடந்தது வேறு. தூங்கி எழுந்த பெட்டி யாரையும் தெரியாததுபோல் முழித்தது. நாற்பத்தெட்டு எழுத்துள்ள மீட்புச் சாவியைக் கொடு என்றது. மில் மதிலோரம் ஒரு பெண் பயந்து பயந்து பேச வரும்போது, யார் நாற்பத்தெட்டு எழுத்தை அடித்துக்கொண்டு நிற்பது?

திங்கட்கிழமை சகாயம் கேட்டார்.

"டீச்சர், தூங்குனா மட்டும் இது ஏன் மறக்குது?"

"அது மறக்கலை அண்ணாச்சி. யாரோ மறக்கடிக்குதாங்க."

"யாரு?"

"கால் காலா பாருங்க. தெரியும்."

சகாயத்துக்குச் சுருக்கென்றது. இருபத்தெட்டு வருஷம் ஒரு பார்வையில் பழுதைச் சொன்ன மனிதரிடம் கால் காலாகப் பார் என்றால் எப்படி இருக்கும்? அவர் பார்க்கவில்லை. தனக்குத் தெரிந்த வழியில் போனார்.

அவர் வழி இதுதான். பெட்டி முதல்முறை எழும்போது சிப் சாவியைக் கொடுக்கிறதல்லவா? அதை ஒரு நகல் எடுத்து, பெட்டியின் சாதாரண மெமரியில் ஒரு மூலையில் வைத்துவிட்டார். தூங்கி எழுந்ததும் சிப்பிடம் கேட்கவே வேண்டாம். பேச்சி விரலை வைத்தால் நகலை எடுத்துத் திறந்துகொள்ளும். செவ்வாய்க்கிழமை மத்தியானத்துக்குள் பெட்டி கிளிப்பிள்ளை மாதிரி சொன்னபடி கேட்டது.

கம்பெனி முதலாளி வைத்தீஸ்வரன் புதன்கிழமை வந்து பார்த்தார். இருபது தடவை தூங்க வைத்தார், இருபது தடவை எழுப்பினார். சகாயத்தின் முதுகில் தட்டினார்.

"வெள்ளிக்கிழமை டெலிவரி. அது முடிஞ்சதும் உங்களை பெர்மனென்ட் பண்ணிடலாம்."

சோதனைத் தாளில் ஹமீதாவின் கையெழுத்து மட்டும்தான் பாக்கி. அவள் போடவில்லை.

"ஓடுதா இல்லியா டீச்சர்?"

"ஓடுது."

"அப்பக் கையெழுத்துப் போடுங்க."

"மாட்டேன்."

"ஏன்?"

"மறக்கடிச்சது யாருன்னு பாக்கச் சொன்னேன். நீங்க இன்னொரு சாவி அடிச்சு வச்சிருக்கீங்க."

சகாயம் ஸ்டூலைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு எழுந்தார். அன்றைக்கு அவருக்கு வந்த கோபம் ஒரு நாளில் சேர்ந்தது இல்லை.

"ரெண்டு வருஷமா பாக்குதேன். ஒண்ணையாவது நேரா சொல்லியிருக்கீங்களா? அதைப் பாரு, இதைப் பாரு, யோசி. நான் என்ன ஒண்ணாங்கிளாஸா? ஓடுற பெட்டியைக் குடையுறது மெக்கானிக் வேலை இல்லை. நான் பாக்க மாட்டேன். என்ன பண்ணணுமோ பண்ணிக்கோங்க."

"சாவியை எங்க வச்சீங்க?"

"உள்ளதான். பெட்டிக்குள்ள. நாலு ஸ்க்ரூ போட்டு முறுக்கியிருக்கு. அதை யாரு எடுக்கப் போறா?"

ஹமீதா அவரை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள்.

"டீ குடிச்சிட்டு வாங்க அண்ணாச்சி" என்றாள்.

அந்த பெஞ்சில் ஒரு வழக்கம் உண்டு. அதை இங்கே சொல்லிவிட வேண்டும். பெட்டி செய்கிறவர்தான் அதில் முதல் குரலைப் பதிய வேண்டும். 'ஹலோ, ஒண்ணு, ரெண்டு' என்று பதிந்தால் ஹமீதா அழித்துவிடுவாள். வீட்டில் இருப்பவர்களிடம்கூடச் சொல்லாத ஏதாவது ஒன்றைத்தான் பேச வேண்டும். பேசும்போது அவள் அறைக் கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்துவிடுவாள். பெட்டி கைமாறும் அன்று அதைச் செய்தவரே அழிப்பார்.

"எதுக்கு டீச்சர் இந்த வம்பு?" என்று சகாயம் முதலில் கேட்டிருக்கிறார்.

"ஒண்ணு ரெண்டு மூணை யாரு அண்ணாச்சி பொத்திப் பொத்திக் காப்பாத்துவாங்க?" என்றாள் அவள்.

இந்தப் பெட்டியில் சகாயம் ஏழு நிமிஷம் பேசியிருந்தார். பேசிவிட்டு வெளியே வந்து, குழாயடியில் ரொம்ப நேரம் முகம் கழுவினார்.

இப்போது டீக்கடையில் அவர் கோபத்தில் இரண்டு டீ குடித்தார். இரண்டாவது டீ ருசிக்கவே இல்லை. திரும்பி வந்தபோது பெட்டியின் நாலு ஸ்க்ரூவும் ஒரு தண்ணீர் பாட்டில் மூடியில் கிடந்தன. மெமரியின் காலில் இரண்டு மெல்லிய வயர் மாட்டியிருந்தது. ஹமீதா நாலாக மடித்த ஒரு தாளை அவர் பக்கம் நகர்த்தினாள்.

சகாயம் பிரித்தார். அவள் கையெழுத்தில் ஒரே ஒரு வரி இருந்தது. அவர் பெட்டிக்குள் பேசிய ஏழு நிமிஷத்தின் முதல் வரி.

'"அத்தான், எர்த் பண்ணியாச்சா?"ன்னு செல்வின் கேட்டான், நான் பாக்காமலே ஆமான்னு சொன்னேன்.'

செல்வின் அவர் மனைவி எஸ்தரின் தம்பி. கடையில் கூட இருந்து வேலை செய்தவன். டிவியை அணைத்த பிறகும் படக்குழாயில் மின்சாரம் நின்றுகொண்டிருக்கும். திறந்து கையை வைக்கும் முன் ஒரு வயரால் அதைத் தரைக்கு இறக்கி எர்த் பண்ண வேண்டும். அன்றைக்குச் சகாயம் எர்த் பண்ணவில்லை. அடித்த அடியில் பின்னால் போய் விழுந்த செல்வின் எழுந்திருக்கவில்லை. அவன்தான் மறந்துவிட்டான் என்று ஆறு வருஷமாக எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தார்கள். எஸ்தரும் நம்பினாள். சகாயம் நம்ப விட்டுவிட்டார்.

தாளை மறுபடி நாலாக மடித்தார்.

"யாரைக் கேட்டுக் கேட்டீங்க?"

"யாரையும் கேக்கலை அண்ணாச்சி. யாரையும் கேக்க வேண்டாம்ங்கிற மாதிரிதான நீங்க செஞ்சு வச்சிருக்கீங்க."

"இது நியாயமா டீச்சர்?"

"இல்லை."

"முழுசும் கேட்டீங்களா?"

"முதல் வரியோட நிறுத்திட்டேன்." அவள் மெமரியின் காலிலிருந்து வயர்களைக் கழற்றினாள். "சாவியை எடுக்கப் பத்தொன்பது நிமிஷம் ஆச்சு. மில்காரன் ஆள் வச்சிருப்பான், அவனுக்கு இன்னும் சீக்கிரம் ஆகும். அவன் முதல் வரியோட நிறுத்துவானா?"

சகாயம் சோற்றுத் தூக்கை எடுத்துக்கொண்டு வெளியே போனார். இனி இந்த வாசலை மிதிப்பதில்லை என்று சத்தமாகவே சொல்லிக்கொண்டு போனார். வாட்ச்மேன் கேட்டான், ரோட்டில் நின்ற ஆடுகளும் கேட்டன.

பஸ் ஸ்டாப்பில் நின்றபோது அவருக்கு ஹமீதாவின் மேல் கொலைவெறி. தன் வாயால் எஸ்தரிடம் சொல்ல முடியாததை இன்னொருத்தி கையால் எழுதிவிட்டாளே என்று பொருமினார். அந்தத் தாளை யாராவது வீட்டுக்குக் கொண்டுபோய் எஸ்தரிடம் நீட்டினால் என்ன ஆகும் என்று நினைத்தார். அப்போதுதான் மில் பெண்களின் நினைவு வந்தது. ஒவ்வொருத்திக்கும் ஒரு முதல் வரி இருக்கும். அதை யாராவது ஒரு தாளில் எழுதி, விடுதி வார்டன் மேஜையில் வைப்பான். சாவியை எடுத்து அவன் கையில் கொடுத்தவன் யார் என்றால், தேவசகாயம்.

பஸ் வந்தது. அவர் ஏறவில்லை.

திரும்பி வந்து வோல்ட் பார்க்கும் மீட்டரை எடுத்தார். பூட்டுச் சிப்பின் கால்களை ஒவ்வொன்றாகத் தொட்டார். பெட்டி விழித்திருக்கும்போது ஒரு அளவு, தூங்கும்போது ஒரு அளவு. ஹமீதா பக்கத்து பெஞ்சில் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் தலை திரும்பவில்லை.

பதினேழாவது காலில் மீட்டர் நின்றது.

விழித்திருக்கும்போது மூன்று வோல்ட்டுக்குக் கொஞ்சம் மேல். தூங்கியதும் பூஜ்யம்.

சிப்போடு வந்த தாளை எடுத்து அந்தக் காலைப் பற்றி என்ன சொல்லியிருக்கிறது என்று படித்தார். அந்தக் கால் மேலே நிற்கும்வரை சிப் நினைவு வைத்திருக்கும். அதைக் கீழே இறக்கினால், 'பார்த்ததையெல்லாம் மறந்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பி' என்று அர்த்தம்.

தூங்கும்போது அதைக் கீழே இறக்கியது யார்?

பூட்டுச் சிப்பின் கால்களையும் சேர்த்து, பெட்டிக்குள் இருக்கும் கால்களுக்கெல்லாம் ஒரு பட்டியல் உண்டு. மொத்தம் அறுபத்து நான்கு கால். ஒவ்வொன்றும் தூங்கும்போது எப்படி இருக்க வேண்டும் என்று அதில் எழுதியிருக்கும். சகாயம் திரையில் அதைத் திறந்தார். முதல் வரி, 'தூங்கும்போது எர்த்', அதாவது பூஜ்யத்துக்கு இறக்கு. இரண்டாவது வரி, 'தூங்கும்போது எர்த்'. கடைசி வரிவரைக்கும் அதேதான். அறுபத்து நான்கையும் ஒரே மூச்சில் எழுதிய கை அவருடையது. சும்மா இருக்கிற எதையும் எர்த் பண்ணாமல் விட அந்தக் கைக்குத் தைரியம் இல்லை. செல்வின் போன நாளிலிருந்து இல்லை.

"நான்தான் டீச்சர்" என்றார்.

"ம்."

"உங்களுக்கு முதல்லயே தெரியுமா?"

"திங்கட்கிழமையே தெரியும்."

"தெரிஞ்சும் சொல்லலை."

"சொல்லியிருந்தா ஒரு வரியை மாத்தியிருப்பீங்க. அடுத்த பெட்டியிலயும் அறுபத்து நாலையும் எர்த் பண்ணியிருப்பீங்க."

மறுநாள் வியாழக்கிழமை முழுக்க சகாயம் குனிந்த தலை நிமிரவில்லை. மெமரியில் வைத்த நகல் சாவியை அழித்தார். அது இருந்த இடத்தையும் மேலே மேலே எழுதித் துடைத்தார். பட்டியலில் பூட்டுச் சிப்பின் பதினேழாவது காலை மட்டும் மாற்றினார். 'தூங்கும்போது மேலேயே பிடி. எழும்போதும் விடாதே.' நூறு தடவை தூங்க வைத்தார். நூறு தடவையும் சிப் எழுந்து விரலை அடையாளம் கண்டு சாவியைக் கொடுத்தது.

ஒரு சிக்கல் மட்டும் மிஞ்சியது. மறக்கடிக்கப்பட்ட சிப் பேட்டரியைத் தின்னாது. நினைவோடு காத்திருக்கிற சிப் கொஞ்சம் தின்னும். பதினோரு நாள் ஓடிய பெட்டி இப்போது பத்து நாள்தான் ஓடும்.

வெள்ளிக்கிழமை காலை முதலாளிக்கு அது தெரிந்தது. பேச்சியும் அப்போதுதான் வந்து, கம்பெனி நாற்காலியில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"பதினோரு நாள்னு ஒப்பந்தத்துல எழுதியிருக்கு" என்றார் வைத்தீஸ்வரன். "புதன்கிழமை நான் பார்த்த பெட்டி நல்லாத்தானே ஓடிச்சு? அதையே கொடுங்க. இந்த மாத்தத்தை எல்லாம் அடுத்த பேட்ச்ல பார்த்துக்கலாம்."

"முடியாது சார்" என்றார் சகாயம்.

வைத்தீஸ்வரன் அவரைப் பார்த்தார். இரண்டு வருஷத்தில் அந்த வாயிலிருந்து அந்த வார்த்தை வந்ததில்லை.

"என்ன சொன்னீங்க?"

"அந்தப் பெட்டி இப்ப இல்லை சார். அழிச்சாச்சு. திரும்பச் செய்யச் சொன்னா செய்ய மாட்டேன்."

"நீங்க இன்னும் பெர்மனென்ட் ஆகலை. ஞாபகம் இருக்கா?"

"நல்லா இருக்கு சார். என்னை வெளியே அனுப்பணும்னா அனுப்புங்க. அந்தப் பெட்டியை வெளியே அனுப்ப மாட்டேன்."

முதலாளியின் காது சிவந்துவிட்டது. ஹமீதா பக்கம் திரும்பினார்.

"நீதானேம்மா இவருக்கு டீச்சர்? நீ சொல்லு. நீ சொன்னா கேட்பார்."

"இந்த வாரம் பூரா நான் சொன்னதையே அவர் கேக்கலை சார்" என்றாள் ஹமீதா. "நீங்க சொல்லியா கேக்கப் போறார்?"

சோதனைத் தாளை இழுத்து, 'பத்து நாள்' என்று திருத்திவிட்டுக் கீழே கையெழுத்துப் போட்டாள். புதன்கிழமையிலிருந்து காத்திருந்த கையெழுத்து.

பேச்சி கேட்டாள்.

"ஏம்ங்க, அந்த ஒரு நாளைக்காவ என்ன சண்டை?"

சகாயம் அவளுக்கு ஒளிக்காமல் சொன்னார். தான் செய்த தப்பு, அடித்து வைத்த நகல் சாவி, பத்தொன்பது நிமிஷம் எல்லாவற்றையும் சொன்னார். தாளில் இருந்த வரியை மட்டும் சொல்லவில்லை.

பேச்சி எழுந்து நின்றாள்.

"மொதலாளி, ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம நான் கோயிலுக்குப் போவேன். அங்க வச்சு சார்ஜ் போட்டுக்கிடுதேன். பத்து நாள் எனக்கு எதேஷ்டம். அந்தப் புள்ளைக பேரு வெளிய போச்சுன்னா, அத எந்தக் கெழமையில சார்ஜ் போட்டு நான் திரும்ப வாங்குவேன்? அந்த ரெண்டு புள்ளைய இன்னும் தேடிக்கிட்டு இருக்கேன்."

முதலாளி பேனாவை எடுத்தார். ஒப்பந்தத் தாளில் பதினொன்றை அடித்துப் பத்து என்று எழுதினார். எழுதும்போதே, சகாயத்தின் பெர்மனென்ட் விஷயத்தை ஆறு மாசம் கழித்துப் பார்க்கலாம் என்றார். பேனாவை மூடிவிட்டு அறையை விட்டுப் போனார். கதவைக் கொஞ்சம் பலமாகவே சாத்தினார்.

சகாயம் பெட்டியை எடுத்து, தன் ஏழு நிமிஷத்தை அழித்தார். அழிக்கும் முன் விரல் தயங்கியது. இதை எஸ்தரிடம் தன் வாயாலேயே சொல்லிவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டார். எப்போது என்று மட்டும் நினைக்கவில்லை.

பேச்சி தன் விரலைப் பதிந்தாள். பெட்டியைத் தூங்க வைத்துப் பைக்குள் போட்டாள். வாசல்வரை போய்விட்டுத் திரும்பி வந்து, பையிலிருந்து எடுத்து விரலை வைத்துப் பார்த்தாள். திறந்தது. மறுபடி பைக்குள் போட்டுக்கொண்டு போனாள்.

பேச்சியின் சங்கத்துக்கே போகும் அடுத்த பெட்டி பெஞ்சுக்கு வந்தது. சகாயம் பட்டியலைத் திறந்து கால் காலாகப் பார்த்து எழுத ஆரம்பித்தார். பூட்டுச் சிப்பின் பதினேழாவது கால் வந்ததும் கை நின்றது.

"டீச்சர்."

"சொல்லுங்க."

"மூளைக்குத் தெரியுது, கைக்குத் தெரிய மாட்டேங்குது. மத்ததை எல்லாம் எர்த் பண்ணிட்டு இதை மட்டும் அப்படியே விடும்போது நடுங்குது. செல்வின் மூஞ்சி வருது."

ஹமீதா ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தாள்.

"டிவியை எதுக்கு எர்த் பண்ணுவீங்க?"

"திறந்து கையை வைக்கிறவனுக்கு அடிச்சிரக் கூடாதுன்னு."

"இதைத் திறந்து கையை வைக்கப் போறது யாரு?"

சகாயம் யோசித்தார். பேச்சி இதைத் திறக்கவே மாட்டாள். அவளுக்கு விரல் போதும். நாலு ஸ்க்ரூவைக் கழற்றி உள்ளே கையை விடுகிறவன் ஒருவன்தான்.

"மில்காரன்" என்றார்.

"அவனுக்கு அடிக்கட்டும் அண்ணாச்சி."